சிம்ப்யூட்டரும் இடஞ்சாராக் குறிமுறையும்

2001 ஏப்ரல் 25 அன்று பெங்களூரில் சிம்ப்யூட்டரின் முன்மாதிரி அறிமுகமானது. இந்திய அறிவியல் கழகத்தின் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் சாஃப்ட்வேர் பொறியாளர்களும் உருவாக்கிய இக்கையடக்கக் கணினியின் வரலாறு பெரும்பாலும் அதன் விலையையும் வணிகத் தோல்வியையும் சுற்றியே எழுதப்படுகிறது. அது எந்த மென்பொருள் மரபின் மேல் நின்றது என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது.

கருவியின் உள்ளே இருந்தது 206 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள இன்டெல் ஸ்ட்ராங்ஆர்ம் செயலி, இயங்குதளம் லினக்ஸ், நினைவகம் 32 மெகாபைட். இத்தகைய கருவியில் ஒவ்வொரு நிரலும் சி மொழியின் அடிப்படை நிரலகத்தைத் தனித்தனியே சுமந்தால் நினைவகம் விரைவில் தீர்ந்துவிடும். ஒரே படியை எல்லா நிரல்களும் பகிர்ந்துகொள்வதே தீர்வு.

இந்தச் சிக்கல் பழையது. 1960களின் மல்டிக்ஸ் அமைப்பே இயங்குநேர இணைப்பைக் கொண்டிருந்தது. ஆனால் யூனிக்ஸ் உலகம் நெடுநாள் அதைப் பின்பற்றவில்லை. சிஸ்டம் ஃபைவ் மூன்றாம் வெளியீடு பகிர்நிரலகங்களைத் தந்தபோதும், ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் நிலையான முகவரியை முன்கூட்டியே ஒதுக்கியது. 1988இல் வந்த சன்ஓஎஸ் 4.0 வேறு வழியை நிலைநாட்டியது. நிரலகத்தின் ஆணைகளில் முழுமுகவரி எதுவும் பொதியப்படாதவாறு கம்பைலரே குறிமுறையை ஆக்கித் தரும்; வெளிப்பெயர்களின் முகவரிகள் தனி அட்டவணையில் இருக்கும்; ஆணைகள் அந்த அட்டவணை வழியே அவற்றை அடையும். ஆணைப்பகுதி திருத்தப்படாததால் எல்லாச் செயல்முறைகளும் அதன் ஒரே படியைப் பயன்படுத்தலாம். அட்டவணை மட்டுமே ஒவ்வொன்றுக்கும் தனி. இதுவே இடஞ்சாராக் குறிமுறை.

தொடக்கக்கால லினக்ஸ் இந்த வசதியின்றியே வளர்ந்தது. அதன் ஏ.அவுட் வடிவத்தில் பகிர்நிரலகம் உருவாக்க விரும்புவோர், பிற நிரலகங்களுடன் மோதாத முகவரி எல்லையைப் பொதுப் பட்டியலில் பதிவுசெய்துகொள்ள வேண்டியிருந்தது. நிரலகம் பெருத்து எல்லையைத் தாண்டினால் மறுஒதுக்கீடு தேவைப்பட்டது. ஆகவே அது தொழில்நுட்பத் தொல்லையாக மட்டும் நிற்கவில்லை. புதிய நிரலகம் எழுதுபவர் ஒரு மையப் பட்டியலைச் சார்ந்தே இயங்க வேண்டியிருந்தது. 1995 வாக்கில் லினக்ஸ் எல்ஃப் வடிவத்துக்கு மாறியதும் அந்தச் சார்பு அகன்றது.

ஆர்ம் கட்டமைப்பு இதற்கு இயல்பாகவே இசைந்தது. 32 பிட் எக்ஸ்86 செயலியில் நிரலின் நடப்பு முகவரியை நேரடியாகப் படிக்க வழியில்லை. ஒரு துணைநிரலை அழைத்துத்தான் அறிய வேண்டும். இருந்த எட்டுப் பதிவகங்களில் ஒன்றை அட்டவணைக்கென ஒதுக்கவும் நேர்ந்தது. ஆர்மிலோ பதினாறு பதிவகங்கள். நிரல் எண்ணியே அவற்றில் ஒன்று. எனவே இடஞ்சாராமைக்குக் கொடுக்க வேண்டிய விலை அங்குக் குறைவு.

1998 அக்டோபரில் பெங்களூரில் நடந்த கருத்தரங்கொன்றில் சிம்ப்யூட்டருக்கான எண்ணம் உருவானபோது, இக்கருவிகள் யாவும் கட்டற்ற மென்பொருளாகக் கிடைத்தன. எழுத்தறியாதவரும் பயன்படுத்த வேண்டும் என்பதே திட்டத்தின் நோக்கமாதலால், இந்திய மொழிகளில் உரையை ஒலியாக்கும் மென்பொருள் இன்றியமையாததாயிற்று. ரமேஷ் ஹரிஹரன் உருவாக்கிய ‘த்வனி’ அத்தேவையிலிருந்து பிறந்தது. நினைவகத்தில் முகவரி கேட்டு எங்கோ பதிவுசெய்யாமல், ஒரு மொழிக்கான கூறுகளைச் சேர்க்கவும் மாற்றவும் ஏற்ற தளம் அப்போது அமைந்திருந்தது.

2004 மார்ச்சில் பிகோபேட்டா நிறுவனமும் பாரத் எலக்ட்ரானிக்ஸும் ‘அமிடா’ சிம்ப்யூட்டரை வெளியிட்டன. எதிர்பார்த்த விற்பனை நிகழவில்லை. ஊரகப் பயனரைச் சென்றடைவதற்கு வேண்டிய விநியோகமும் சேவைகளும் கருவியோடு வளரவில்லை. இத்தடைகளைக் கம்பைலர் தீர்க்க இயலாது.

எனினும் வரலாற்றுநோக்கில் இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். சந்தையில் தோற்ற ஒரு கருவி, பெங்களூரின் சிறிய குழுவொன்று இயங்குதளத்தையும் கம்பைலரையும் புதிதாக எழுதாமல், மொழி என்ற தன் சொந்தச் சிக்கலில் உழைப்பைச் செலுத்த முடிந்ததற்குச் சான்றாகவும் நிற்கிறது. பிறர் முன்பே தீர்த்துவைத்த முகவரிச் சிக்கல் அதற்கான அடிப்படைகளுள் ஒன்று. இந்தியக் கணினி வரலாற்றை எழுதுவோர், கண்ணுக்குத் தெரியும் கருவிகளோடு இத்தகைய அடித்தளங்களையும் கணக்கில் கொள்வது அவசியம்.