லயமும் சொந்த வீடும்



'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்றும் சொன்னார்கள். சொந்த வீட்டின் அருமையை இவ்வளவு அறிந்த இனம், இந்த நாட்டுக்கு வந்து மூன்று நான்கு தலைமுறையாகச் சொந்தக் கூரை இல்லாமல் வாழ்ந்தது. அது ஏன் நடந்தது, இனி நாம் செய்ய வேண்டியது என்ன என்பதைச் சற்றே சிந்திப்போம்.

நம் ஜாசின் மாவட்டத்துக்கும் ரப்பருக்கும் நெருங்கிய உறவு உண்டு. மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் என்ற சீனர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். இந்நாட்டில் வியாபாரத்துக்காக ரப்பர் பயிரிட்டதில் அவரே முன்னோடி. அடுத்து அவரும் கூட்டாளிகளும் நமது புக்கிட் ஆசகானில் பெரிய தோட்டம் போட்டார்கள். அதன்பின் மலாயா முழுதும் காடுகள் தோட்டங்களாயின. தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. தமிழகத்திலிருந்து முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், 1910-இல் அந்த முறை நிறுத்தப்பட்ட பின் கங்காணிமார் வழியாகவும் நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறினார்கள். 1938-இல் இந்திய அரசு தடை போடும் வரை அப்படித்தான் ஆள் வந்தது.

வந்தவர்களுக்குத் தோட்ட நிர்வாகம் கட்டிக் கொடுத்ததுதான் லயம். நீளமாக ஒரே கூரை. அதன் கீழே வரிசையாக அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, முன்னால் சிறு தாழ்வாரம். குளிக்கப் பொதுப் பீலி. அறைக்கும் அறைக்கும் நடுவிலிருந்த பலகை பல லயங்களில் கூரை வரை எட்டாது. "பக்கத்து வீட்டுல மொளகா வறுத்தா நம்ம வீட்டுல தும்மல் வரும்" என்று பழைய ஆட்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரிப்புக்கு அடியில் துயரமும் உண்டு. மலேரியாவில் செத்தவர்கள் ஏராளம். டாக்டர் மால்கம் வாட்சன் 1901 முதல் கிள்ளான் வட்டாரத்தில் சதுப்பு நீரை வடித்துக் கொசுவை ஒழித்துக் காட்டிய பிறகே, குடியிருப்பைச் சுற்றிச் சுத்தம் வேண்டும் என்ற எண்ணம் தோட்டங்களில் மெல்லப் பரவியது.

லயத்தில் நன்மையே இல்லையா? இருந்தது. வாடகை கிடையாது. கோயில் பக்கத்தில், பள்ளி பக்கத்தில், உறவு பக்கத்தில். ஆனால் வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. பிரட்டுக் களத்தில் பெயர் இருக்கும் வரைதான் லயத்தில் இடம். வேலை போனால் வீடும் போச்சு!

இந்த உண்மை நம்மைப் பல முறை அடித்தது. 1950-களில் பல வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நாம் சொல்வது இதைத்தான். மரம் புதிய முதலாளிக்குப் போயிற்று, மனிதர்கள் வீதிக்கு வந்தார்கள். அதைக் கண்டு மனம் பொறாமல்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டுகிறவர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். கூலிக்காரனும் நில உடைமையாளன் ஆகலாம் என்று காட்டிய பெரும் முயற்சி அது. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானபோது, வேலையும் இல்லாமல் வீடும் இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் தமிழகம் திரும்பினார்கள்.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் விதித்து 1966-இல் ஒரு சட்டம் வந்தது. 1990-இல் வந்த புதிய சட்டம் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் தர வேண்டும் என்றது. சட்டம் வீட்டை நல்ல வீடாக்கியது. நம் வீடாக்கவில்லை.

இந்த இடத்தில் நம் மலாக்காவிலேயே உள்ள இன்னொரு குடியிருப்பை நினைத்துப் பாருங்கள். காஜா பெராங்கில் கம்போங் செட்டி இருக்கிறது. தோட்டங்கள் தோன்றுவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே வாணிபம் செய்ய வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். டச்சுக்காரர் ஆட்சியில் தைவநாயகம் செட்டி பெற்ற நிலத்தில் 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இன்றும் மலாக்கா நகரில் நிற்கிறது. அந்த மக்களின் வீட்டுப் பேச்சு இன்று மலாய். ஆனாலும் சாமியும் சடங்கும் பொங்கலும் போகவில்லை; ஊரும் கலையவில்லை. ஏன்? காலூன்ற நிலம் இருந்தது.

அவர்களிடம் நிலம் நின்றது, தமிழ் நழுவியது. நம்மிடம் தமிழ் நின்றது, நிலம் நழுவியது. நம் தமிழைக் காத்தது லயமும் அதன் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடமும்தான். நமக்கு இரண்டும் வேண்டும் என்பதே என் எண்ணம்.

இன்று காலம் மாறிவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் தேவைப்படவில்லை. 1970-களில் பத்து பெரெண்டாமில் தொழிற்சாலைகள் வந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் பஸ் ஏறி வேலைக்குப் போனார்கள். ஜாசின், பெம்பான், மெர்லிமாவ் பக்கமெல்லாம் தாமான்கள் எழுந்தன. பள்ளிப் பதிவேட்டின் முகவரிக் கட்டத்தைப் பார்த்தாலே தெரியும்: முன்பு லயத்தின் எண் இருந்த இடத்தில் இன்று தாமான் பெயர்.

இன்னும் நிர்வாக வீட்டில் இருக்கும் பெற்றோர்களே, உங்களுக்குச் சில வார்த்தைகள். 2013 முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அந்த வயதில் வீடு தேடக் கூடாது. வயது ஏற ஏற வங்கிக் கடனின் தவணைக் காலம் குறையும். மலிவு விலை வீட்டுக்கு ஒரு காலத்தில் 25,000 வெள்ளிதான் உச்ச விலை. 1998-இல் அது இடத்துக்கு ஏற்ப 42,000 வெள்ளி வரை உயர்ந்தது. "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்பதற்கு நாம் கொடுத்த விலை அது. ஊழியர் சேமநிதியில் வீட்டுக்கென்று பணம் எடுக்க வழி இருக்கிறது. கல்யாணப் பந்தலுக்குக் கடன் வாங்குமுன் அதை விசாரியுங்கள். அடுக்குமாடி வீடு வாங்கினால் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் உண்டு, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மனை வாங்கினால் முன்பணம் கொடுக்குமுன் மாவட்ட நில அலுவலகத்தில் கெரானைச் சரிபாருங்கள். 99 ஆண்டுக் குத்தகையா, நிரந்தரப் பட்டாவா, மலாய்க்காரர்களுக்கே உரிய மலாக்கா வழமை நிலமா என்று தெரியாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

இன்னொன்றும் கேளுங்கள்: "பக்கத்துல தமிழ்ப் பள்ளி இருக்கா?" நாலு குடும்பம் சேர்ந்து ஒரே தாமானில் வீடு பார்த்தால், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவர ஒரு வேன் போதும். ஆளுக்கொரு திசையாகப் போனால் பள்ளியில் பிள்ளைகள் குறைவார்கள்.

மாணவர்களே! இன்று பரிசு வாங்கும் கைகள் நாளை சம்பளம் வாங்கும். தாத்தா பாட்டியிடம் அவர்கள் குடியிருந்த லயத்தின் கதையைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னொரு நாள் உங்கள் பெயரில் ஒரு கெரான் வரும்போது, அந்த நோட்டையும் அதோடு சேர்த்துப் பெட்டியில் வையுங்கள்.