ஒரு கிண்ண லைக்கனின் வகைப்பாட்டு வரலாறு

மாணவர்களே, சமையலறையில் கல்பாசியைப் பார்த்திருப்பீர்கள். கறிக்கு வாசனைக்காகப் போடுவோமே, அதுதான். அதைப் 'பாசி வகை' என்று எழுதிய ஒரு மாணவிக்கு நான் சிவப்புக் கோடு போட்டேன். "அப்புறம் ஏன் டீச்சர் கல்பாசினு பேரு?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதானே! கல்பாசி ஒரு லைக்கன். ஆனால், லைக்கனைப் பாசி என்று நினைத்தவர்கள் நம் முன்னோர் மட்டும் அல்லர்.

'கிளாடோனியா பிக்சிடேட்டா' என்ற லைக்கனை எடுத்துக்கொள்வோம். மண்ணிலும் பாறையிலும் சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் குட்டிக் குட்டிக் கிண்ணங்களாக வளரும். ஆங்கிலேயர் இதைக் 'கிண்ணப்பாசி' என்றே அழைத்தார்கள். கக்குவான் இருமலுக்கு மருந்தாகவும் கொடுத்தார்கள்.

1753-இல் சுவீடன் அறிஞர் லின்னேயஸ் இதற்கு 'லைக்கன் பிக்சிடேட்டஸ்' என்று பெயரிட்டு, பாசிகளின் பிரிவில் வைத்தார். 'பிக்சிஸ்' என்றால் சிமிழ். 1796-இல் ஜெர்மானியர் ஹாஃப்மன் இதைக் கிளாடோனியா பேரினத்துக்கு மாற்றினார். ஆனாலும், இது ஒரே உயிர் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள்.

1867-இல் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டெனர் வேறு மாதிரி சொன்னார்: லைக்கன் ஓர் உயிர் அல்ல, பூஞ்சையும் பாசியும் சேர்ந்த கூட்டு. லைக்கன் அறிஞர்கள் பலர் கேலி செய்தார்கள். கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் பின்லாந்தின் நைலாண்டர். இவர் சாதாரண ஆள் இல்லை. ரசாயனச் சொட்டு விட்டு, நிற மாற்றத்தைப் பார்த்து லைக்கன்களை அடையாளம் காணும் முறையை 1866-இல் அறிமுகப்படுத்தியவரே அவர்தான். அந்தச் சோதனை இன்றும் பயன்படுகிறது. அவர் எதிர்த்த கருத்தோ பாடநூலில் ஏறிவிட்டது!

இன்று கிளாடோனியா பிக்சிடேட்டா பூஞ்சைகளின் வரிசையில் இருக்கிறது. அந்த அறிவியல் பெயரும் பூஞ்சைக்கே உரியது. உள்ளே உணவு தயாரிக்கும் பச்சைப் பாசிக்குத் தனிப் பெயர் உண்டு.

தேர்வில் 'வகைப்பாடு ஏன் மாறுகிறது?' என்று கேட்டால், 'முன்னோர் அறியாமையால்' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். யார், எந்த ஆண்டில், எந்தச் சான்றை வைத்து மாற்றினார் என்று எழுதுங்கள்.

ஆசிரியர் நண்பர்களே, அந்த மாணவியின் விடை தவறுதான். ஆனால், லின்னேயஸும் அதே விடையைத்தான் எழுதியிருந்தார். கோடு போட்ட கையோடு இந்தக் கதையையும் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.