தொலைந்துபோன அரை மணி

முதல் பீரியடுக்குப் பத்து நிமிஷம் லேட்டாக வந்து, "சார், வாட்ச் ஸ்லோ" என்று சொல்லாதவர் நம் கல்லூரியில் உண்டா? நானும் சொன்னவன்தான். ஆனால் ஒரு நாட்டுக் கடிகாரம் எல்லாமே ஒரே ராத்திரியில் மாறிய கதை, வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருக்கிறேன். எங்கள் வெல்டர் தம்பி இங்குள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வசிப்பவர். பூர்வீகம் மன்னார் பக்கம். தங்கைக்கு வரன் பார்த்த சமயம் ஒரு நாள் கேட்டார்: "அண்ணா, தங்கச்சி பிறந்தது 1997 சித்திரை, காலை ஆறு மணி. பழைய நேரமா, புது நேரமான்னு ஜோசியர் கேக்கிறார். என்ன சொல்றது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தேடிப் படித்தேன்.

1996-ல் இலங்கையில் மழை பொய்த்து, நீர்மின் நிலையங்கள் தடுமாறின. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மே 25-ல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். சாயங்காலம் விளக்குப் போடுவது தள்ளிப்போகும் என்பது கணக்கு. காலையிலோ பிள்ளைகள் இருட்டோடு எழுந்து பள்ளிக்கூடம் கிளம்ப வேண்டியதாயிற்று! அக்டோபர் 26-ல் அரை மணி பின்வாங்கினார்கள். மீதி அரை மணி 2006 ஏப்ரல் வரை நீடித்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. ஒரே தீவில் இரண்டு நேரம்!

நமக்கும் இது புதுசில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடு வரை, இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே ஓடின. அந்த வருஷங்களில் பிறந்த தாத்தா பாட்டி ஜாதகத்தைக் கணிப்பவர்கள் அந்த ஒரு மணியைக் கழித்தே ஆகவேண்டும்.

பெர்லினில் கோடைப் பகல் கிட்டத்தட்ட 17 மணி நேரம். அங்கே முள்ளைத் திருப்புவதில் ஓர் அர்த்தம் உண்டு. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசமே ஒன்றரை மணிதான். மன்னாரில் அதைவிடக் குறைவு. அங்கே முள்ளைத் திருப்பி எவ்வளவு வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க முடியும்?

ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குப் போய் அந்த அம்மாவிடம் கேட்டேன்: "பாப்பா பிறந்தப்ப விடிஞ்சிருந்துதாம்மா?"

"இல்லைத் தம்பி, நல்ல இருட்டு. விளக்கு வெளிச்சத்திலதான் பிள்ளையின்ர முகத்தைப் பாத்தனான்."

சித்திரையில் மன்னாரில் பழைய நேரப்படி ஆறு மணிக்கெல்லாம் சூரியன் எட்டிப் பார்த்துவிடும். ஆக, அது புது நேரம். நம் நேரப்படி ஐந்தரை. ஜாதகம் எழுதியாயிற்று. தையில் கல்யாணமும் முடிந்தது.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் லாக் புக் எழுதினாலும் புரோகிராம் எழுதினாலும், மணியோடு அது எந்த ஊர் நேரம் என்பதையும் எழுதி வையுங்கள். எல்லாக் கணக்கையும் சரிபார்க்க ஓர் அம்மாவின் ஞாபகம் கிடைக்காது!