மல்பெரி இளஞ்செடியும் மண்ணின் சத்துச் சமநிலையும்

மல்பெரிப் பட்டுப்புழுவுக்குத் தீவனம் ஒன்றே ஒன்றுதான்: முசுக்கொட்டை இலை. உழவர்கள் மல்பெரி என்றே சொல்லும் இந்த மரம் நட்ட முதல் ஆண்டில் எவ்வளவு ஆழமாக வேர்விடுகிறது, எத்தகைய இலை தருகிறது என்பதை மண்ணிலுள்ள சத்துகளின் அளவும், அவை ஒன்றுக்கொன்று எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இந்த விகிதப் பொருத்தமே சத்துச் சமநிலை எனப்படுகிறது.

காஞ்சிபுரம் பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். அங்கே நெய்யும் சேலை 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் அதன் தறிகளில் ஏறும் பட்டு அந்த மண்ணில் விளைவதில்லை. கச்சாப்பட்டில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஈரோடு, திருப்பூர், தேனி முதலிய மாவட்டங்களில் மல்பெரித் தோட்டங்கள் உள்ளன. ஒரு கிலோ கச்சாப்பட்டு நூற்க ஆறேழு கிலோ பட்டுக்கூடு வேண்டும். அத்தனை கூட்டைக் கட்டும் புழுக்கள் ஏறத்தாழ 100 கிலோ இலையைத் தின்று தீர்க்கின்றன. பட்டு ஏறத்தாழ முழுக்கப் புரதம். அந்தப் புரதத்துக்கு வேண்டிய தழைச்சத்தை இலை வழியாகத் தருவது தோட்டத்து மண்.

இலை உதிர விடப்படாத மரம்

காட்டு மரம் மண்ணிலிருந்து எடுத்ததில் பெரும்பங்கை உதிர்ந்த இலையாகத் திருப்பித் தந்துவிடுகிறது. மல்பெரிக்கு அந்த வாய்ப்பு இல்லை. பாசனத் தோட்டத்தில் கவாத்து செய்து ஆண்டுக்கு ஐந்து முறையாவது இலை அறுவடை செய்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தழை, மணி, சாம்பல் சத்துகள் தோட்டத்தை விட்டு வெளியேறுகின்றன.

அதனால்தான் இதற்குரிய உரப் பரிந்துரை மற்ற பல மரங்களுக்கானதைவிட மிக அதிகம். மைசூருவிலுள்ள மத்தியப் பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் 1997-இல் வெளியிட்ட வி-1 ரகத்துக்கு, வளர்ந்த பாசனத் தோட்டத்தில் ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 350 கிலோ தழைச்சத்து, 140 கிலோ மணிச்சத்து, 140 கிலோ சாம்பல்சத்து, அவற்றோடு 20 டன் தொழு உரம் இட வேண்டும் என்பது பரிந்துரை. தழைச்சத்தை ஒரே தடவையில் இடாமல் அறுவடைதோறும் பிரித்து இடுகிறார்கள்.

இந்த அளவு இளஞ்செடிக்குப் பொருந்தாது. மூன்று நான்கு கணுக்கள் உள்ள குச்சியிலிருந்து நாற்றங்காலில் வளர்த்து நட்ட கன்றுக்கு வேர்ப்பரப்பு மிகக் குறைவு. அடர்த்தியாக இட்ட ரசாயன உரம் மண் நீரில் உப்பாகக் கரைந்து, வேர் நீரை உறிஞ்சவிடாமல் தடுக்கும், நுனிவேர் கருகும். நடும்போது மட்கிய தொழு உரமும், கன்று வேர் பிடித்த பிறகு சிறுசிறு அளவில் மேலுரமும் தருவதே முறை. மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது என்பதால் அது வேருக்கு அருகில் கிடைக்க வேண்டும். முதல் சில மாதங்களில் வேர் பரவுவதற்கு அது இன்றியமையாதது.

இலை காட்டும் அடையாளங்கள்

தழைச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவை செடிக்குள் எளிதில் இடம்பெயரும். பற்றாக்குறை வந்தால் செடி அவற்றை முதிர்ந்த இலையிலிருந்து இளந்தளிருக்கு மாற்றிவிடும். ஆகவே முதலில் வாடுவது அடியிலைகள். தழைச்சத்து குறைந்தால் அடியிலை முழுவதும் வெளிறும். சாம்பல்சத்து குறைந்தால் இலை ஓரம் கருகும். மக்னீசியம் குறைந்தால் நரம்பு பச்சையாக இருக்க, நரம்பிடை மஞ்சளாகும்.

இரும்பு, சுண்ணாம்பு, போரான் ஆகியவை எளிதில் இடம்பெயராதவை. அவற்றின் குறை தளிரில்தான் தெரியும். இரும்பு குறைந்தால் தளிர் மஞ்சளாகி வெளுக்கும். போரான் குறைந்தால் குருத்து மடியும். துத்தநாகக் குறையால் இலை சிறுத்து, கணுவிடை குறுகும்.

மிகையால் வரும் குறை

எந்தச் சத்து தேவையைவிட மிகவும் குறைவாக இருக்கிறதோ அதுவே வளர்ச்சிக்கு எல்லை வகுக்கும் என்ற கருத்தை ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஸ்பிரெங்கல் 1828-இல் முன்வைத்தார். 1840-க்குப் பின் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் அதைப் பரவலாக்கினார். சாம்பல்சத்து போதாத மண்ணில் யூரியாவை எவ்வளவு கூட்டினாலும் பயன் சிறிதே.

கூட்டுவதே கெடுதலாவதும் உண்டு. மணிச்சத்து மிகுந்தால் துத்தநாகம் கிடைப்பது குறையும். வேரோடு கூடி வாழ்ந்து சத்தைத் தேடித் தரும் வேர்ப்பூஞ்சையும் நலிவடையும். சாம்பல்சத்து மிகுந்தால் மக்னீசியத்தை வேர் எடுப்பது தடைபடும். தழைச்சத்து அளவு மீறினால் செடி கண்ணுக்குச் செழித்துத் தோன்றும். ஆனால் தண்டு மெலிந்து, இலையில் நீர் மிகுந்து, சாறுறிஞ்சும் பூச்சிகள் குவியும். மல்பெரியைப் பொறுத்தவரை இந்தத் தீங்கு செடியோடு நிற்பதில்லை. தரம் கெட்ட இலையைத் தின்னும் புழு நோய்க்கு எளிதில் ஆளாகிறது, கூடும் மெலிகிறது.

மண்ணின் தன்மை

மல்பெரிக்கு உகந்த கார அமில நிலை 6.2 முதல் 6.8 வரை. காரம் ஏறிய மண்ணில் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு ஆகியவை இருந்தும் கரையாமல் முடங்கிவிடும். அங்கே இரும்பு உரத்தை மண்ணில் கொட்டுவதைவிட இலைவழித் தெளிப்பு விரைவில் பலன் தரும். களர் மண்ணுக்கு ஜிப்சமும், அமில மண்ணுக்குச் சுண்ணாம்பும் இட்டுச் சரிசெய்கிறார்கள்.

காஞ்சிபுரம் பகுதியில் பாலாற்றங்கரையை ஒட்டிய மணற்பாங்கான நிலத்தில் சிக்கல் வேறு. மணலுக்குச் சத்தைப் பிடித்துவைக்கும் திறன் குறைவு. ஒரு பெருமழையில் நைட்ரேட் வடிவிலுள்ள தழைச்சத்து வேருக்குக் கீழே இறங்கிவிடும். இத்தகைய நிலத்தில் மல்பெரியோ மாவோ எந்தக் கன்றை நட்டாலும் மட்கு உரத்தின் பங்கு மிகப் பெரிது. சணப்பு, தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவதும் உதவும். மட்காத வைக்கோலையோ மரத்தூளையோ மண்ணில் கலப்பது நல்லதல்ல. அதைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் மண்ணின் தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்வதால் கன்று சில வாரங்களுக்கு வெளிறி நிற்கும்.

சத்தைத் திருப்பித் தருதல்

புழு வளர்ப்பு மனையில் மிஞ்சும் இலைத்தண்டும் புழுவின் எச்சமும் தழைச்சத்து நிறைந்தவை. அவற்றை மட்கவைத்தோ மண்புழு உரமாக்கியோ தோட்டத்துக்கே இட்டால், வெளியேறிய சத்தில் ஒரு பங்கு மீளும். காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தும் அசோஸ்பைரில்லம், மண்ணில் முடங்கிய மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா ஆகிய உயிர் உரங்களையும் மல்பெரிக்குப் பரிந்துரைக்கிறார்கள்.

எதை எவ்வளவு இடுவது என்பதற்கு மண் பரிசோதனையே அடிப்படை. 2015 பிப்ரவரி 19-இல் ராஜஸ்தானின் சூரத்கட்டில் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தில் 12 கூறுகள் அளக்கப்படுகின்றன: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம். மாதிரியை உரமிடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். வரப்போரம், எருக்குழி, மர நிழல் ஆகிய இடங்களைத் தவிர்த்து, பல இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் குழி வெட்டிச் சுரண்டிய மண்ணைக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ அனுப்பினால் போதும். மேல்மண் மட்டும் மரக்கன்றுகளுக்குப் போதாது. வேர் ஆழமாக இறங்கும் என்பதால் 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் தனித்தனி மாதிரிகள் எடுக்கப்படுகின்றன.