குற்றால அருவி நீராடல்

குற்றால அருவி நீராடல் என்பது தமிழ்நாட்டின் தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள குற்றாலத்தின் அருவிகளில் உடல்நலம் கருதிக் குளிக்கும் வழக்கம் ஆகும். தென்மேற்குப் பருவமழையால் நீர் பெருகும் சூன் முதல் செப்டம்பர் வரையான காலம் "சீசன்" எனப்படுகிறது. மூலிகைகளூடே வருவதால் இந்நீர் நோய் தீர்க்கும் என்பது நம்பிக்கை. விழும் நீரின் அழுத்தம் உடலைப் பிடித்துவிடுவது போன்ற இதம் தருகிறது என்பது எளிய விளக்கம்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பது நெடுங்காலம் இதன் பகுதியாக இருந்தது. எண்ணெயும் சோப்பும் நீரை மாசுபடுத்தியமையால், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014 இல் அருவிகளில் அவற்றுக்குத் தடை விதித்தது.

மலைமேல் பெய்யும் மழை அடிவாரத்தில் குளிப்போருக்குத் தெரிவதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டி நீர் விழும்போது குளிக்க அனுமதி இல்லை.