இடுப்பு வலியோடு இனிப்பு நீரும் இருந்தால்...

கோலாலம்பூர்: கீழ்முதுகு வலி, அதாவது பேச்சு வழக்கில் இடுப்பு வலி, உயிரைப் பறிக்கும் நோயல்ல. ஆனால், உலகில் மனிதர்களை அதிகம் முடக்கிப்போடும் காரணங்களில் அதற்குத்தான் முதலிடம். 2020இல் உலகம் முழுவதும் 619 மில்லியன் பேர் இந்த வலியோடு இருந்தனர். 2050இல் அந்த எண்ணிக்கை 843 மில்லியனை எட்டும் என மதிப்பிடப்பட்டுள்ளது.

கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டும் இருவருக்கு ஒரே மாதிரி இடுப்பு வலி வரலாம். ஒருவர் சில வாரங்களில் வேலைக்குத் திரும்புவார். மற்றவர் மாதக்கணக்கில் வீட்டிலேயே இருப்பார். எம்.ஆர்.ஐ. படத்தில் இருவரின் முதுகெலும்புக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. பல வேளைகளில் அந்த வேறுபாடு முதுகுக்கு வெளியே, உடன் இருக்கும் மற்ற நோய்களில் இருக்கிறது.

முடக்கத்தை அளப்பது எப்படி?

இடுப்பு வலியால் ஏற்படும் முடக்கத்தை அளக்க மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்துவது ‘ஆஸ்வெஸ்ட்ரி’ வினாப்பட்டியல். அதன் 10 பகுதிகளில் முதல் பகுதி மட்டுமே வலியின் அளவைக் கேட்கிறது. மற்றவை நடப்பது, உட்கார்வது, நிற்பது, தூக்கம், பயணம், வெளியே சென்று மற்றவர்களோடு பழகுவது போன்ற அன்றாடக் காரியங்களைப் பற்றியவை. முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கும், இதய நோயால் மூச்சு வாங்குபவருக்கும் இவற்றில் பல ஏற்கெனவே சிரமம்தான். அதன்மேல் இடுப்பு வலியும் சேர்ந்தால் முடக்கம் கூடுகிறது.

நம் நாட்டு நிலவரம்

சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், அதிகக் கொழுப்பு, உடல் பருமன் ஆகிய நான்கும் ஒருசேர உள்ளவர்கள் அரை மில்லியனுக்கும் மேல். இன வாரியாகப் பார்த்தால், நீரிழிவு இந்தியர்களிடையே அதிகம். ஆகவே, நம்மவர்களில் பலருக்கு இடுப்பு வலி தனியாக வருவதில்லை.

ஒன்றையொன்று வளர்க்கும் நோய்கள்

வலி வந்ததும் நடைப்பயிற்சி நின்றுபோகிறது. நடை நின்றால் சர்க்கரையும் எடையும் ஏறுகின்றன. எடை கூடினால் இடுப்புக்கும் முழங்காலுக்கும் சுமை கூடுகிறது. இந்தச் சுழல் நீடித்தால் முதுகுத் தசைகள் வலுவிழந்து, சிறு வேலைக்கே வலி கிளம்பும்.

நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டாலும் கால் மரத்துப்போகும், எரிச்சலும் இருக்கும். முதுகில் நரம்பு அழுந்தினாலும் ஏறக்குறைய அதே அறிகுறிகள் தோன்றும். எது காரணம் என்பதை மருத்துவர்தான் பிரித்தறிய வேண்டும்.

மனச்சோர்வும் தூக்கமின்மையும் வலியை இன்னும் கடுமையாக உணரச் செய்கின்றன. ‘அசைந்தால் முதுகு போய்விடும்’ என்ற பயம் வந்தவர் படுக்கையிலேயே இருக்கிறார். அந்தப் பயமே வலியைவிட அதிகமாக முடக்கிவிடுவதும் உண்டு.

மாத்திரையும் ஒத்தடமும்

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். இரத்த அழுத்தத்தை ஏற்றலாம். வயிற்றுப் புண்ணை மோசமாக்கலாம். நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரக அல்லது இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடர்ந்து சாப்பிடக் கூடாது. ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள்களுக்குச் சர்க்கரை அளவு உயரக்கூடும்.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் நிலையங்களுக்குப் பெயர்பெற்றது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உதவக்கூடிய முறைகளில் மசாஜையும் உலகச் சுகாதார நிறுவனம் 2023 வழிகாட்டியில் சேர்த்துள்ளது. ஆனால், மசாஜ் மட்டும் போதாது. உடற்பயிற்சியும் வலியைப் பற்றிய புரிதலும் மனநல ஆதரவும் கூடவே வேண்டும் என்கிறது அது. இடுப்புப் பட்டையை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்றும் கூறுகிறது.

காலில் உணர்வு குறைந்த நீரிழிவு நோயாளிகள் சுடுநீர்ப் பை ஒத்தடத்தில் கவனமாக இருக்க வேண்டும். சூடு தெரியாமலேயே தோல் வெந்து, ஆறாத புண்ணாகிவிடும். எலும்புத் தேய்மானம் உள்ள முதியவர்கள் முதுகை அழுத்தி மிதிக்கவிடக் கூடாது.

உடனே மருத்துவமனைக்கு

கால் திடீரென பலமிழத்தல், பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதி மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடிழத்தல், காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வலி ஆகியவை அபாய அறிகுறிகள். நீரிழிவு உள்ளவர்களுக்கு முதுகெலும்பில் கிருமித்தொற்று வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், காய்ச்சலை அலட்சியப்படுத்தக் கூடாது.

என்ன செய்யலாம்?

இடுப்பு வலிக்காகக் கிளினிக் செல்லும்போது, சாப்பிடும் எல்லா மருந்துகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், தூக்கம், மனநிலை ஆகியவற்றையும் சொல்லுங்கள். பிசியோதெரபிக்குப் பரிந்துரை கேளுங்கள். அரசாங்க உதவித்தொகை பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ‘பேகா பி40’ திட்டத்தின் இலவசப் பரிசோதனை உண்டு. 2019இல் தொடங்கிய இத்திட்டத்தில் இரத்தப் பரிசோதனையோடு மனநலப் பரிசோதனையும் அடங்கும்.

முழு ஓய்வைவிட, தாங்கக்கூடிய அளவில் தினமும் நடப்பது முதுகுக்கும் நல்லது, சர்க்கரைக்கும் நல்லது. பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது கூட்டினால் போதும்.