தோல் பதனிடும் தொழில்

விலங்கின் பச்சைத்தோல் ஈரமாயிருப்பின் அழுகும். உலர்ந்தாற் பலகைபோல் விறைக்கும். இவ்விரு குறைகளையும் நீக்கி, அதனை நெடுங்காலம் நிலைக்கச் செய்யும் தொழிலே பதனிடுதலாகும். இதன் தொன்மை வியத்தற்குரியது. ஆர்மீனிய நாட்டுக் குகையொன்றில் 2008ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட மாட்டுத்தோற் சப்பாத்து ஏறக்குறைய 5,500 ஆண்டுப் பழைமையுடையது.

தமிழகத்தார் கையாண்டது ஆவாரம்பட்டை முறை. தோலை நீரில் ஊறவைத்து அழுக்கைப் போக்கியபின், சுண்ணாம்பு நீரில் இடுவர். மயிர்க்கால்கள் நெகிழ்ந்ததும், மழுங்கிய கத்தியால் மயிரை வழித்து, உட்புறத்து ஊனைச் சீவியெடுப்பர். சுண்ணாம்பைக் கழுவி நீக்கியதும், ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளில் தோல் வாரக்கணக்கிற் கிடக்கும். பட்டையின் துவர்ப்புச் சத்து தோலின் நார்களோடு பிணைந்து, நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைக்கவொட்டாமற் காக்கும். ஈற்றிலே கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் தடவி உலர்த்துவர்.

இத்துவர்ப்புச் சத்தினை அறிஞர் ஹம்பிரி டேவி ஆராய்ந்து, 1803இல் கட்டுரை வெளியிட்டார். இந்தியாவிலிருந்து சென்ற காசுக்கட்டி, ஆங்கிலேயர் பயன்படுத்திய ஓக் மரப்பட்டையினும் பன்மடங்கு வலியது என்பது அவர் கண்ட முடிபு. வெற்றிலையோடு மெல்லும் பொருள் இவ்வாறு விஞ்ஞானத்தில் இடம்பெற்றது.

1884இல் அமெரிக்காவில் அகஸ்தஸ் ஷுல்ட்ஸ் குரோமிய உப்பாற் பதனிடும் முறைக்கு உரிமை பெற்றார். வாரக்கணக்கில் நடந்த வேலை மிகச் சில நாளில் முடியலாயிற்று. சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903இல் இம்முறையைச் சோதிக்கத் தொடங்கினார். கிணற்றிலே கவலை இறைக்கும் தோற்சால் நீரில் விரைந்து பழுதுபடாதிருக்க வேண்டும் என்பதும் அவர் கருதிய பயன்களுள் ஒன்று.

நன்மையோடு தீமையும் வந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோற்சாலைக் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது. ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முற்றாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாது போயிற்றென 1996ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்புக் குறிப்பிட்டது. மாசுபடுத்தியோரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் கொள்கை.

இவற்றினும் பழைய கடனொன்று உண்டு. தோற்சால் இறைத்த நீரால் வயல் விளைந்தது. தோல் போர்த்த முழவு கோயிலில் ஒலித்தது. அத்தோலைப் பதனிட்ட கைகளுக்கு உரியவரையோ சமுதாயம் ஊர்ப்புறத்தே நிறுத்தியது. அழுகும் பொருளை அழியாப் பொருளாக்கியவர் அவர். தொழிலின் வரலாற்றை உரைப்போர் அவர்தம் அறிவையும் அதில் முதற்கண் வைத்தல் நீதியாகும்.